சலம் எரிந்தால் ஒளிக்க வேண்டாம்

போன வைகாசியில் ஒரு பின்னேரம் கிணற்றடியில் உடுப்பு அலசிக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்தாள். ஏ.எல். படிக்கிறவள். வழக்கமாகப் படலையைத் தள்ளித் திறந்துகொண்டு நேரே குசினிக்குள் வருகிறவள், அன்றைக்கு வேலிக் கதியாலைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

“அன்ரி, ஒரு விஷயம். அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ.”

“என்ன பிள்ளை?”

“சலம் போகேக்க எரியுது. மூன்று நாளாய்.”

போனால்தானே எரியும் என்று அந்த மூன்று நாளும் தண்ணீர் குடிப்பதையே குறைத்திருக்கிறாள். தாகத்தோடு ரியூசனுக்குப் போய், அடக்கிக்கொண்டு இருந்து, வீடு வந்து அழுதிருக்கிறாள். கேட்க எனக்கு நெஞ்சு அடைத்தது. 31 வருடம் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்று இப்போது கொக்குவிலில் இருக்கிறேன். சலக்கடுப்போடு வந்து வார்டில் படுத்த பெண்களில் அரைவாசிப் பேர் இவளைப் போலத்தான் தொடங்கியிருப்பார்கள். வருத்தம் சின்னது. ஒளித்து வைத்த நாட்கள்தான் அதைப் பெரிதாக்கின. அன்றைக்கு அவளுக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

உள்ளே நடப்பது என்ன

சிறுநீரகம் இரண்டும் இரத்தத்தை வடித்துச் சலத்தை உண்டாக்கும். அது இரண்டு குழாய் வழியே இறங்கிச் சலப்பையில் சேரும். அங்கிருந்து ஒரு சின்ன வழியால் வெளியே வரும். இந்தப் பாதையில் கிருமி குடியேறினால் அதுதான் சிறுநீர்த் தொற்று. சலப்பையோடு நின்றால் எரிவும் கடுப்பும் மட்டும்தான். மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பிடித்தால் காய்ச்சல், நடுக்கம் எல்லாம் வரும்.

அந்தக் கிருமி எங்கிருந்தோ வந்ததல்ல. பெரும்பாலும் ஈ.கோலை என்ற பக்டீரியாதான். எல்லோருடைய குடலிலும் இருக்கிறது. குடலில் இருக்கும்வரை ஒரு கரைச்சலும் இல்லை. பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வந்து, சலம் வரும் வாசலால் உள்ளே ஏறினால்தான் சிக்கல். பெண்ணுக்கு அந்த வழியின் நீளம் ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர். ஆணுக்கு 20 அளவில். பெண்களை இது அடிக்கடி பிடிப்பதற்கு முதற்காரணம் இந்த நீளம்தான். பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வரும். பஸ்ஸில் உங்களோடு இருக்கும் பத்துப் பெண்களில் ஐந்து பேர் என்று கணக்கு வையுங்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஊத்தையாக இருந்ததால் வந்தது, கெட்ட பழக்கத்தால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படிச் சொல்கிறவர்களால்தான் பிள்ளைகள் வாயைத் திறக்கப் பயப்படுகிறார்கள்.

சலப்பையைத் தொற்றுப் பிடித்தால் சலம் போகும்போது எரியும். இப்போதுதான் போய்விட்டு வந்தோம் என்றிருக்க மறுபடி வருவது போல முட்டும். போனால் நாலு துளிதான் வரும். அடிவயிறு கனத்து நோகும். சலம் கலங்கும், மணக்கும். சிலருக்கு இரத்தமும் கலந்து வரும்.

எரிவெல்லாம் தொற்று என்றும் இல்லை. பங்குனி, சித்திரை வெயிலில் தண்ணீர் குடியாமல் திரிந்தால் சலம் கடும் மஞ்சளாகி எரியும். இரண்டு மூன்று செம்பு தண்ணீர் உள்ளே போனதும் அது தணிந்துவிடும். சொறிய வைக்கும் கடியும் வெள்ளைபடுதலும் சேர்ந்திருந்தால் வருத்தம் பிறப்புறுப்பில் இருக்கக் கூடும். அதற்கு மருந்து வேறு. விலாவிலிருந்து கவட்டுப் பக்கம் இழுத்து இழுத்துத் துடிக்க வைக்கும் நோவென்றால் கல்லை யோசிக்க வேண்டும். பீற்றூட் கறி சாப்பிட்ட அடுத்த நாள் சலம் சிவந்து போனதைப் பார்த்துப் பதறி ஓடி வந்தவர்களும் உண்டு. அது பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பீற்றூட்டும் சாப்பிடாமல், எரிவும் நோவும் இல்லாமல், நடுவயதைத் தாண்டிய ஒருவருக்குச் சலத்தில் இரத்தம் போனால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. கட்டியா, கல்லா என்று ஸ்கான் செய்து பார்க்க வேண்டும்.

வீட்டில் வைத்திருக்கக் கூடாத நிலை

காய்ச்சல் 38 பாகைக்கு மேலே போய்க் குளிரோடு நடுங்கினால், நாரிக்கு மேலே விலாப்பக்கம் ஒரு பக்கமாக நொந்தால், சத்தி எடுத்து மருந்தும் தண்ணீரும் உள்ளே தங்காவிட்டால் தொற்று சிறுநீரகத்துக்குப் போயிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆள் மயங்குகிறார், கதை தடுமாறுகிறது, சலம் போவதே குறைந்துவிட்டது என்றால் 1990 இலக்கத்துக்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். இரத்தத்தில் தொற்றுப் பரவினால் மணித்தியாலங்கள்தான் கணக்கு.

கர்ப்பிணிகள், சலரோகக்காரர் (சீனி வருத்தம் உள்ளவர்கள்), ஆண்கள், சின்னப் பிள்ளைகள், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள், சலக்குழாய் போட்டிருப்பவர்கள் வெறும் எரிவுக்கே டொக்டரிடம் போக வேண்டும். “இரண்டு நாள் பார்ப்பம்” என்பது இவர்களுக்குச் சரிவராது.

மாரி காலத்துக் காய்ச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு டெங்கு வரும். 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சலும் பரவியது. எலிக்காய்ச்சலில் சலம் குறைந்து கறுத்துப் போகக் கூடும். காய்ச்சலோடு சலம் கறுத்திருக்கிறது என்று நீங்களே சலக்கடுப்பாக முடிவு கட்டிவிட வேண்டாம். வயலிலோ வெள்ளத்திலோ இறங்கியிருந்தால் அதை டொக்டருக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

போத்தலில் சலம் எடுப்பது

இதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்லப் போகிறேன். பிழையான றிப்போட்டால் பிழையான மருந்து குடித்தவர்களை அத்தனை பேர் கண்டிருக்கிறேன். ஜாம் போத்தலைக் கழுவிக் கொண்டு வருவார்கள். சோடாப் போத்தலில் கொண்டு வருவார்கள். ஒரு ஆச்சி செவ்வாய்க்கிழமை எடுத்த சலத்தைப் பையில் வைத்துக்கொண்டு புதன்கிழமை வந்தார். பஸ் தவறிவிட்டதாம். நல்ல வெயில் காலம். போத்தலுக்குள் ஒரு கிருமி ஆயிரமாய்ப் பெருகியிருக்கும். அதைச் சோதித்து என்ன பயன்?

லாபிலோ பாமசியிலோ இதற்கென்றே மூடி திருகுகிற சின்னப் போத்தல் தருவார்கள். அதை மட்டும் பாவியுங்கள். காலையில் எழும்பியதும் போகும் சலம் நல்லது. இரவு முழுக்கச் சலப்பையில் நின்றது என்பதால் கிருமி இருந்தால் தெளிவாகக் காட்டும். முதலில் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கள். பிறகு அந்த இடத்தை வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவித் துடையுங்கள். டெற்றோல் போன்றது வேண்டாம். அது போத்தலுக்குள் விழுந்தால் கிருமி வளராது, றிப்போட் பொய் சொல்லும்.

மூடியைத் திறந்தால் அதன் உட்பக்கம் மேலே பார்க்க வையுங்கள். போத்தலின் உள்ளே விரல் படக் கூடாது. பெண்கள் ஒரு கையால் இதழ் இரண்டையும் விலக்கிப் பிடிக்க வேண்டும். முதலில் வருவதைப் போக விடுங்கள். வாசலில் நிற்கும் கிருமியை அது கழுவிக்கொண்டு போய்விடும். நடுவில் வருவதைப் போத்தலில் பிடியுங்கள். அரைவாசி நிரம்பினால் போதும். மிச்சத்தை மலசலகூடத்தில் போக விடுங்கள். மூடியை இறுக்கி, பெயரும் எடுத்த நேரமும் எழுதி, ஒரு மணித்தியாலத்துக்குள் லாபுக்குக் கொண்டு போங்கள். பிந்தும் என்றால் பிரிட்ஜின் கீழ்த்தட்டில், பொலித்தீன் பைக்குள் போட்டு வையுங்கள். ஐஸ் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். மாதவிலக்கு நாளென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். இரத்தம் கலந்தால் றிப்போட் குழம்பும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று: மருந்தின் முதற்குளிசை விழுங்குவதற்கு முதலே சலத்தைக் கொடுங்கள்.

றிப்போட் இரண்டு வகை. யூரின் ஃபுல் றிப்போட் அன்றைக்கே வரும். அதில் ‘பஸ் செல்’ என்று எழுதியிருப்பது சீழ் அணுக்கள், அதாவது கிருமியோடு சண்டைக்கு வந்த வெள்ளை அணுக்கள். நுண்ணோக்கியில் ஒரு பார்வைக்கு ஐந்துக்குக் குறைந்திருப்பது வழக்கம். ‘எபிதீலியல் செல்’ நிறைய இருந்தால் தோல் அணுக்கள் கலந்துவிட்டன, எடுத்தது சரியில்லை என்று கொள்ளலாம். மற்றது கல்ச்சர். சலத்தைத் தட்டில் விதைத்து 37 பாகை வெப்பத்தில் வைத்து, முளைப்பது எந்தக் கிருமி என்று பார்ப்பார்கள். பிறகு எந்த மருந்துக்கு அது சாகிறது என்றும் பார்ப்பார்கள். அதனால் இரண்டு மூன்று நாள் எடுக்கும். மருந்துப் பெயர்களுக்குப் பக்கத்தில் எஸ் என்று இருந்தால் அந்த மருந்து கேட்கும். ஆர் என்றால் கேட்காது. அந்தக் கடதாசியை எறிந்துவிடாதீர்கள். அடுத்த தடவை டொக்டருக்கு அது தங்கம்.

முதல் தடவை சலக்கடுப்பு வந்த, வேறு வருத்தமில்லாத இளம் பெண்ணுக்குக் கல்ச்சர் இல்லாமலே டொக்டர் மருந்து எழுதலாம். அது சரிதான். திரும்பத் திரும்ப வருகிறவர்களும், மேலே சொன்ன கர்ப்பிணி, ஆண், பிள்ளை போன்றவர்களும் “கல்ச்சர் செய்ய வேணுமோ டொக்டர்?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். அரச ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை.

மருந்து, மிச்சக் குளிசை, என் கதை

எனக்கு 46 வயதில் நடந்தது. மாரி மாதம், தொடர்ந்து நைற் டியூட்டி. ஒரு இரவுக்கு 12 மணித்தியாலம். வார்ட் நிறைய ஆட்கள். சலம் முட்டினாலும் “இந்த சேலைனை மாற்றிவிட்டுப் போவம்” என்று தள்ளிப்போட்டேன். தண்ணீரும் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் எரிவு தொடங்கியது. என் மகன் பல்லுக்குக் குடித்து மிஞ்சிய நாலு அமொக்ஸிசிலின் குளிசை லாச்சிக்குள் இருந்தது. அதை விழுங்கினேன். இரண்டு நாள் சுகம். நாலாம் நாள் இடப்பக்க விலா வெடிப்பது போல நோ, பல்லுக் கிட்டும் குளிர். ஐந்து நாள் ஊசி மருந்தோடு கட்டிலில் கிடந்தேன். அதற்கு மேலே இன்னொன்றும் நடந்தது. கல்ச்சர் எடுத்தார்கள், ஒன்றும் முளைக்கவில்லை. நான் விழுங்கிய நாலு குளிசை, கிருமியைக் கொல்லாமல், தட்டில் முளைக்க விடாமல் மட்டும் தடுத்துவிட்டது. எந்த மருந்து கேட்கும் என்று டொக்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு தேட வேண்டியதாயிற்று. படித்த தாதியே இதைச் செய்தேன். அதனால்தான் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: மிச்சக் குளிசை வேண்டாம், பக்கத்து வீட்டுக் குளிசை வேண்டாம், டொக்டரின் துண்டில்லாமல் பாமசியில் கேட்டு வாங்குவதும் வேண்டாம். ஈ.கோலைக்கு அமொக்ஸிசிலின் இப்போது பெரும்பாலும் கேட்பதில்லை. அரைகுறையாய்க் குடிக்கக் குடிக்க மற்ற மருந்துகளும் அப்படியே போகும்.

டொக்டர் எழுதக் கூடியவற்றில் அடிக்கடி காண்பது நைட்ரோஃபுரான்டோயின். சலப்பைத் தொற்றுக்கு நல்ல மருந்து. சாப்பாட்டோடு குடித்தால் வயிற்றைப் பிரட்டாது. சலம் கடும் மஞ்சளாய், பழுப்பாய்ப் போகும். பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம். ஆனால் இது சலத்தில்தான் சேரும், சிறுநீரகத்தின் திசுவில் போதிய அளவு சேராது. ஆகவே காய்ச்சலும் விலா நோவும் உள்ளவருக்கு இது போதாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், ஜி6பிடி என்ற பிறவி இரத்தக் குறைபாடு உள்ளவர்களுக்கும், பிரசவம் நெருங்கிய கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதில்லை. சிப்ரோஃபுளொக்ஸசின் எழுதினால் பாலோடும், இரும்புச்சத்துக் குளிசையோடும், கல்சியத்தோடும், வாயு மருந்தோடும் சேர்த்துக் குடிக்க வேண்டாம். குடலிலேயே அவை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குதிநரம்பு நொந்தால் உடனே நிறுத்தி டொக்டரிடம் போங்கள்.

எத்தனை நாள் குடிக்க வேண்டும் என்பது ஆளைப் பொறுத்தது. இளம் பெண்ணின் சலப்பைத் தொற்றுக்கு மூன்று முதல் ஐந்து நாள் போதும். ஆண்களுக்கு ஏழு நாள் என்பார்கள். சிறுநீரகத்தைப் பிடித்தால் ஏழு முதல் 14 நாள். பெரும்பாலும் இரண்டாம் நாளே எரிவு நின்றுவிடும். அந்த இடத்தில்தான் எல்லோரும் குளிசையை நிறுத்துகிறார்கள். எழுதித் தந்ததை முடியுங்கள். 48 மணித்தியாலம் கழிந்தும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் கல்ச்சர் றிப்போட்டோடு திரும்பப் போங்கள். முன்னர் எந்த மருந்துக்கு உடம்பு தடித்தது, வேறு என்ன குளிசை குடிக்கிறீர்கள், பிள்ளை வயிற்றில் இருக்கிறதா, பால் கொடுக்கிறீர்களா என்பதை டொக்டர் கேட்கும் முன்னமே சொல்லிவிடுங்கள்.

நோவுக்குப் பனடோல் (பரசிற்றமோல்) போதும். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக் கூடாது. டைக்குளோஃபெனாக், ஐபுபுரொஃபன் போன்ற நோக் குளிசைகள் சிறுநீரகத்தைத் தாக்கக் கூடும். டெங்குக் காலத்தில் அவை ஆபத்தும்கூட. அடிவயிற்றில் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வைத்தால் கடுப்புத் தணியும்.

கைமருந்து பற்றி ஆச்சிமார் கேட்பார்கள். பார்லித் தண்ணீர், செவ்விளநீர், மோர், நெருஞ்சில் அவித்த தண்ணீர் எல்லாம் நல்லதுதான். உள்ளே தண்ணீர் போகிறது, சலம் நிறையப் போகிறது, எரிவு தணிகிறது. நானும் குடிக்கிறேன். ஆனால் இவை கிருமியைக் கொல்லாது. இரண்டு நாளில் மாறாவிட்டால் அதோடே நின்றுகொண்டிருக்க வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இளநீரிலுள்ள பொட்டாசியம் ஆபத்து. இதயம், சிறுநீரகம் காரணமாகத் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் அந்த அளவைத் தாண்டவே வேண்டாம்.

கர்ப்பிணி, பிள்ளை, வயதுபோனவர்

கர்ப்பிணிக்கு எரிவு இல்லாமலே சலத்தில் கிருமி இருக்கலாம். விட்டுவிட்டால் சிறுநீரகத்துக்கு ஏறும், குறைமாதப் பிரசவமும் வரக் கூடும். அதனால் எரிவு இல்லாவிட்டாலும் மருந்து கொடுப்பார்கள். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் மருத்துவமாது சலம் கேட்டால் “போன மாதம்தானே பார்த்தது” என்று சொல்ல வேண்டாம்.

சின்னப் பிள்ளை “எரியுது” என்று சொல்லாது. காரணமில்லாத காய்ச்சல், சத்தி, பால் குடியாமை, சிணுக்கம், கட்டிலில் சலம் போவதை நிறுத்திய பிள்ளை மறுபடி போவது என்று வரும். பிள்ளை மருத்துவரிடம் காட்டுங்கள். மலச்சிக்கல் உள்ள பிள்ளைகளுக்கு இது அடிக்கடி வரும். நிறைந்த குடல் சலப்பையை நெருக்கும். வாழைப்பழமும் தண்ணீரும் நேரத்துக்கு வெளிக்குப் போகும் பழக்கமும் இங்கே மருந்துக்குச் சமன்.

வயதுபோனவர்களில் இரண்டு பக்கமும் பிழை நடக்கிறது. திடீரென்று கதை மாறி, ஆள் தடுமாறினால் “வயசாச்சுது” என்று விட்டுவிடுவார்கள். அது தொற்றாகவும் இருக்கலாம், தண்ணீர் வற்றியதாகவும் இருக்கலாம். டொக்டர் பார்க்க வேண்டும். மறுபக்கம், ஒரு குணங்குறியும் இல்லாமல் றிப்போட்டில் கிருமி என்று வந்ததற்காகக் குளிசை குளிசையாய்க் கொடுப்பார்கள். வயது போகப் போகச் சலத்தில் கிருமி சும்மா தங்கியிருக்கும். எரிவும் காய்ச்சலும் இல்லாவிட்டால் பெரும்பாலும் மருந்து தேவையில்லை. வயதான ஆணுக்குச் சலம் மெல்லப் போய், முழுதாய் வெளியேறாமல் நின்றால் சலப்பைக்குக் கீழே இருக்கும் புரொஸ்டேற் சுரப்பி வீங்கியிருக்கலாம். அதைப் பார்க்காமல் தொற்றுக்கு மட்டும் மருந்து குடித்தால் அடுத்த மாதமும் வரும்.

வராமல் இருக்க

எங்கள் ஊரிலே பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்கு ஒரு நூறு காரணம் வைத்திருக்கிறார்கள். கஸ்தூரியார் வீதியில் கடைகளில் நிற்கும் பிள்ளைகளைக் கேளுங்கள். காலை ஒன்பதுக்கு ஏறினால் பொழுதுபடும்வரை நிற்பார்கள். செம்பாட்டு நிலத்தில் வெங்காயம் கிண்டப் போகும் பெண்களுக்குத் தோட்டத்தில் ஒதுங்க இடமில்லை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் சேலையோடு வீதியில் நிற்கிறவர்கள் வரிசைக்குப் பயந்து வாய் நனைப்பதில்லை. கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போவதென்றால் மத்தியானத்திலிருந்தே தண்ணீரை நிறுத்தும் பெண்களை எனக்குத் தெரியும். 400 கிலோமீற்றர், எட்டு மணித்தியாலத்துக்கு மேல்.

சிலர் கிணற்றுத் தண்ணீரைக் குற்றம் சொல்வார்கள். எங்கள் நிலம் சுண்ணக்கல். தண்ணீர் வன்மையானது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்திருப்பீர்கள். தீவுப்பக்கம் உவர். குடிக்க நல்ல தண்ணீர் பவுசரில் வந்தால்தான் உண்டு. ஆனால் சலக்கடுப்பை உண்டாக்குவது தண்ணீரின் ருசியல்ல. ருசியில்லை என்று குடிக்காமல் விடுவதுதான். கொதிக்க வைத்து ஆறவைத்து, மண்பானையில் ஊற்றிக் குடித்துப் பாருங்கள். வித்தியாசம் தெரியும்.

2018 இல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தது. அடிக்கடி சலக்கடுப்பு வரும், குறைவாய்த் தண்ணீர் குடிக்கும் 140 பெண்களைச் சேர்த்தார்கள். பாதிப் பேர் வழக்கத்தைவிட நாளுக்கு ஒன்றரை லீற்றர் கூடுதலாய்க் குடித்தார்கள். ஒரு வருடத்தில் மற்றப் பாதிக்குச் சராசரி 3.2 தடவை வந்தது. இவர்களுக்கு 1.7. ஏறக்குறைய பாதி. வெறும் தண்ணீர்!

நான் செய்வது இதுதான். ஒரு லீற்றர் போத்தல் இரண்டு. ஒன்று மத்தியானச் சோற்றுக்கு முன்னம் முடிய வேண்டும், மற்றது விளக்கு வைக்கும் முன்னம். தோட்ட வேலை என்றால் மூன்றாவதும். சலம் வைக்கோல் நிறத்தில் போனால் போதும். கடும் மஞ்சளென்றால் அடுத்த கோப்பையை எடுங்கள். மூன்று நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, முட்டினாலும் முட்டாவிட்டாலும் போங்கள். குந்தியோ இருந்தோ, அவசரப்படாமல், முழுதாய்ப் போக விடுங்கள். ஊத்தைக்குப் பயந்து பாதி எழும்பி நின்று போனால் சலப்பை முழுதாய் வெறுமையாகாது. பஸ் பயணத்துக்கு ஏற முன்னம் போங்கள். இடையில் தேத்தண்ணிக்கு நிற்பாட்டும் இடத்தில் இன்னொரு பெண்ணைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு இறங்குங்கள். கேட்டால் வருவார்கள், அவர்களுக்கும் முட்டிக்கொண்டுதான் இருக்கும்.

கழுவும் விதம் பெண்பிள்ளைகளுக்கு மூன்று வயதிலேயே பழக்க வேண்டும். வாளித் தண்ணீரை முன்னால் ஊற்றி, கையைப் பின்புறமாய்க் கொண்டு போய், பின்னுக்கே இழுத்துக் கழுவுவது. ஒருநாளும் பின்னிருந்து முன்னே கொண்டு வரக் கூடாது. வெறும் தண்ணீர் போதும். வாசனைச் சவுக்காரமும், உள்ளே விட்டுக் கழுவுவதும், பவுடரும் அங்கே வாழும் நல்ல பக்டீரியாவைத் துரத்தும். அவை போனால் ஈ.கோலைக்கு இடம் கிடைக்கும். பருத்தி உள்ளுடுப்பு, நன்றாய்க் காய்ந்தது. மறைத்துத் துணிக்கு அடியில் காயப்போடாமல் வெயிலில் போடுங்கள். மாதவிலக்கு நாளில் வைக்கும் பாட்டை நாலு முதல் ஆறு மணித்தியாலத்தில் மாற்றுங்கள்.

கலியாணமான புதிதில் வரும் சலக்கடுப்பைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. உறவின்போது கிருமி முன்னுக்குத் தள்ளப்படும். இளம் பெண்களுக்கு வருவதற்குப் பெரிய காரணம் இதுதான். புருசன் மேல் சந்தேகப்படவும் வேண்டாம், உங்கள் மேல் பழி போடவும் வேண்டாம். முடிந்ததும் எழும்பிச் சலம் போய்விட்டு வந்து படுங்கள். இதற்கு ஆய்வில் பெரிய பலம் இல்லை, நட்டமும் இல்லை. விந்தைக் கொல்லும் மருந்து பூசிய ஆணுறை பாவித்தால் வேறு வகைக்கு மாறுங்கள்.

அந்தப் பிள்ளையை அடுத்த நாள் காலை நானே டொக்டரிடம் கூட்டிப் போனேன். முதல் நாள் இரவே தாயிடம் சொல்ல வைத்தேன், நான் பக்கத்தில் இருந்து. ஐந்து நாள் குளிசை, சுகம். பள்ளிக்கூடத்தில் ஏன் சலம் போவதில்லை என்று கேட்டதற்கு, மலசலகூடக் கதவுக்குக் கொண்டி இல்லை என்றாள். பெற்றார் கூட்டத்தில் தாய் எழும்பி நின்று அதைச் சொன்னாள். கொண்டியும் வாளியும் போட்டார்கள்.

இரண்டு கிழமை கழித்து அந்தத் தாயே படலையடியில் வந்து நின்றாள். 51 வயது. “அக்கா, எனக்கு இரண்டு வருசமாய் அப்பப்ப வருது. இந்த வருசம் இது நாலாந்தரம்.” பிள்ளையைப் போலவே கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அரை வருடத்தில் இரண்டு தடவை, அல்லது ஒரு வருடத்தில் மூன்று தடவை என்றால் அதைத் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்று எடுத்து, காரணம் தேட வேண்டும். சீனி பார்க்க வேண்டும், ஸ்கான் பார்க்க வேண்டும். மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் குறைந்து அந்த இடத்துத் தோல் மெலிந்து வறண்டுவிடும், கிருமி சுலபமாய் ஏறும். அதற்குப் பிறப்புறுப்பில் பூசும் ஈஸ்ட்ரஜன் கிறீம் இருக்கிறது, டொக்டர் பார்த்து எழுதுவார். இதையெல்லாம் அவளுக்குச் சொல்லி, அலுமாரியில் இருந்த புதுப் போத்தல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நாளைக்குக் காலையில் எழும்பியதும், குளிசை ஒன்றும் போடாமல், நடுவில் வருவதைப் பிடி என்றேன்.